லோடு வேனுக்கு எந்த வேகம் லாபம்?

கடை வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம் ஆகியவற்றை நாம் மாதம் தவறாமல் கணக்குப் பார்க்கிறோம். ஒரு மூட்டை சர்க்கரையில் பத்து ரூபாய் குறையுமா என்று நாலு இடத்தில் விசாரித்துத்தான் கொள்முதல் செய்கிறோம். ஆனால் கடை வாசலில் நிற்கும் லோடு வேன் குடிக்கிற டீசலை மட்டும், ‘வண்டி ஓடினால் டீசல் போகத்தானே செய்யும்’ என்று விட்டுவிடுகிறோம். அதே வண்டி, அதே சரக்கு, அதே ரோடு. ஓட்டும் வேகத்தையும் கியரையும் பொறுத்து டீசல் செலவு கணிசமாக மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நான் என்ஜினியர் அல்ல. பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். விருதுநகரில் பருப்பு, எண்ணெய், வத்தல் மொத்த வியாபாரம். மெட்டடார் வேன் காலத்திலிருந்து இன்றைய வண்டிகள் வரை வைத்துப் பார்த்ததிலும், நல்ல மெக்கானிக்குகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலும், என் போன்ற வியாபாரிகளுக்குப் பயன்படும் என்று தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

டீசல் என்ஜினின் குணம்

பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் இருக்கும். டீசல் என்ஜினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றை 16 முதல் 22 மடங்கு வரை அழுத்துவதால் அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தூவியவுடன் தானே பற்றிக்கொள்கிறது. நாம் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கூடுவது டீசலின் அளவுதான். ஆகவே, டீசல் வண்டியில் கால் எவ்வளவு அழுந்துகிறதோ அவ்வளவு காசு என்று நேரடியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த என்ஜினுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று இழுவை, மற்றொன்று திறன். இழுவை என்பது சக்கரத்தைத் திருப்பும் பலம். மெக்கானிக்குகள் ‘டார்க்’ என்பது இதைத்தான். திறன் என்பது அந்தப் பலத்தை எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறது என்பது. இதுதான் ஹெச்.பி. இரண்டும் ஒரே சுற்றில் உச்சத்துக்கு வருவதில்லை. இழுவை நடுச் சுற்றிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். திறன் கடைசிச் சுற்றில்தான் உச்சம் பெறும்.

நாம் எல்லோரும் அறிந்த ‘குட்டி யானை’யை எடுத்துக்கொள்வோம். 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் முதன்முதலில் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி. கொள்ளளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். திறன் 16 ஹெச்.பி. மட்டுமே. அந்தத் திறன் நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்றில் கிடைத்தது. இழுவையின் உச்சமோ 2,000 சுற்றை ஒட்டியே வந்துவிட்டது. பின்னர் 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் என்ஜின் கொண்டது. டர்போ உள்ளதால் இழுவை இன்னும் கீழ்ச் சுற்றிலேயே கிடைக்கும். வண்டிக்கு வண்டி எண்கள் மாறும். ஆனால் குணம் ஒன்றுதான். நடுச் சுற்றில் சுகமாக இழுக்கும். கடைசிச் சுற்றில் கத்தும். அடிச் சுற்றில் முக்கும். நம் வண்டி நாள் முழுவதும் நடுச் சுற்றில் இருக்கும்படி ஓட்டுவதே சிக்கனத்தின் முதல் பாடம்.

மீட்டர் இல்லாமல் சுற்றை அறிவது எப்படி?

நம்மிடம் உள்ள பல சின்ன வண்டிகளில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. வேகமானி மட்டுமே இருக்கும். அதனால் கவலைப்பட வேண்டியதில்லை. பலசரக்குக் கடைக்காரருக்குக் கணக்குப் போடவா சொல்லித்தர வேண்டும்?

வழக்கமான லோடு ஏற்றிய நிலையில் வண்டியைச் சமமான தரையில் நிறுத்துங்கள். பின் டயரிலும் அதற்கு நேர் கீழே தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டயர் ஒரு முழுச் சுற்று சுற்றும்வரை வண்டியைத் தள்ளி, கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்தால், ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் கிடைத்துவிடும். 12 அங்குல ரிம் போட்ட சின்ன வண்டிகளில் இது 1.65 மீட்டரை ஒட்டி வரும்.

அடுத்து, வண்டியோடு தந்த கையேட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, டாப் கியரின் விகிதம். மற்றொன்று, பின் அச்சில் உள்ள கிரவுன் பினியன் விகிதம். பல சின்ன வண்டிகளில் டாப் கியர் ஒன்றுக்கு ஒன்றாகவே இருக்கும். உதாரணத்துக்குக் கிரவுன் விகிதம் 4.5 என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், அதாவது 1,000 மீட்டர். இதை 1.65-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 606 சுற்று சுற்றுகிறது. அதை 4.5-ஆல் பெருக்கினால் என்ஜின் சுற்று ஏறக்குறைய 2,730. இதே வழியில் டாப் கியரில்,

40 கிலோமீட்டர் வேகத்தில் 1,820 சுற்று,
50 கிலோமீட்டர் வேகத்தில் 2,270 சுற்று,
60 கிலோமீட்டர் வேகத்தில் 2,730 சுற்று,
70 கிலோமீட்டர் வேகத்தில் 3,180 சுற்று என்று வரும்.

உங்கள் வண்டியின் எண்களைப் போட்டு இதேபோல் ஒரு சிறு அட்டவணை எழுதி, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் ஒட்டிவிடுங்கள். ஒரு முறை செய்தால் போதும். வேகமானியே ஆர்.பி.எம். மீட்டர் ஆகிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். டாப் கியரில் 50 கிலோமீட்டர் வேகம் என்றால், வண்டி காலியாக இருந்தாலும் முக்கால் டன் ஏற்றியிருந்தாலும் சுற்று அதேதான். மாறுவது என்ஜின் மீது விழும் பளு. மாட்டு வண்டிக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். மாட்டின் நடை வேறு, அது இழுக்கும் சுமை வேறு. நடையும் சுமையும் இரண்டும் கூடும்போதுதான் மாடு நுரை தள்ளும். என்ஜினும் அப்படியே.

சௌகரியமான வேகம் எது?

அனுபவத்தில் ஒரு சுலபமான விதி உண்டு. என்ஜினின் முழுத் திறன் கிடைக்கும் சுற்றில் 60 முதல் 75 சதவீதத்துக்குள் ஓடினால் அது அந்த என்ஜினுக்குச் சௌகரியமான நடை. 3,200 சுற்று உச்சம் என்றால் 1,900 முதல் 2,400 வரை. மேலே போட்ட உதாரணக் கணக்கின்படி, சுமாராக 42 கிலோமீட்டரிலிருந்து 53 கிலோமீட்டர் வரை. 60 போகலாம், போனால் வண்டி கெட்டுவிடாது. ஆனால் 70-இல் என்ஜின் தன் எல்லையில் நிற்கிறது. அங்கே மேட்டுக்கும் எதிர்காற்றுக்கும் கொடுக்க அதனிடம் மிச்சம் எதுவும் இல்லை. பெரிய என்ஜினும் ஐந்தாவது கியரும் உள்ள வண்டிகளில் இந்த எல்லை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மேலே தள்ளியிருக்கும்.

பி.சி.ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 1978-ஆம் ஆண்டிலிருந்து எரிபொருள் சிக்கனத்தைப் பற்றி மக்களுக்குச் சொல்லிவருகிறது. கார்களுக்கு அவர்கள் சொல்லும் சிக்கன வேகமும் 45 முதல் 55 கிலோமீட்டர்தான். 80-இல் போவதைவிட இந்த வேகத்தில் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. காற்றைக் கிழித்துச் செல்லும்படி செய்த காருக்கே இப்படி என்றால், முன்பக்கம் சுவர் மாதிரி நிற்கும் நம் லோடு வேனுக்குச் சொல்ல வேண்டுமா?

காதையும் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, மூன்று சிலிண்டர் வண்டிகளில் ஏதாவது ஒரு வேகத்தில் கேபின் முழுவதும் அதிர்ந்து ‘ரீங்’ என்று இரையும். அந்த வேகத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் கூட்டினாலோ குறைத்தாலோ இரைச்சல் அடங்கிவிடும். அந்த அடங்கிய இடத்தில் ஓட்டினால் ஓட்டுநருக்கும் அலுப்புத் தட்டாது, நட்டுகளும் தளராது.

மிக மெதுவாகப் போனாலும் நஷ்டம்தான்

வேகம் குறைந்தால் டீசல் மிச்சம் என்று கேட்டதும், சிலர் டாப் கியரைப் போட்டுக்கொண்டு 25, 30-இல் உருட்டிக்கொண்டு போகிறார்கள். இது சிக்கனம் அல்ல. மேலே உள்ள உதாரண வண்டியில் டாப் கியரில் 30 கிலோமீட்டர் என்றால் சுற்று 1,360 மட்டுமே. லோடோடு அந்தச் சுற்றில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் டீசல் கூடுதலாக உள்ளே போகிறது. அதை முழுவதும் எரிக்கும் அளவு காற்று உள்ளே வருவதில்லை. எரியாத டீசல் கரும்புகையாக வெளியே போகும். பழைய வண்டிகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புகைக்குழாயில் போவது புகை அல்ல, நம் பணம்.

அதோடு, அடிச் சுற்றில் முக்கவிட்டால் ஒவ்வொரு வெடிப்பின் அடியும் பேரிங்கிலும் கிராங்கிலும் விழும். கிளட்ச் பிளேட்டும், என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கும் சீக்கிரம் போகும். டர்போ உள்ள வண்டிகளில் 1,500 சுற்றுக்குக் கீழே டர்போ தன் வேலையை முழுதாகச் செய்வதில்லை.

ஆகவே, வண்டி முக்குகிறது என்று காதுக்குத் தெரிந்ததும் ஒரு கியர் இறக்கிவிட வேண்டும். மூன்றாவது கியரின் விகிதம் 1.4 என்றால், அதே 30 கிலோமீட்டரில் சுற்று 1,900 ஆகிவிடும். என்ஜின் மூச்சு விடும். கடைவீதியில், கிராமத்து ரோட்டில், வேகத்தடைகளுக்கு நடுவே மூன்றாவது கியர்தான் சரி. ஓட்டுநரிடம் ‘எப்போதும் டாப்பிலேயே ஓட்டு’ என்று சொல்லும் முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

காற்று என்னும் சுமை

எடைபோட்டு ஏற்றிய சரக்கு நமக்குத் தெரியும். எடை போடாமல் ஏறுகிற ஒரு சரக்கு உண்டு. அதுதான் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். 50-லிருந்து 70-க்குப் போனால் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை வெல்ல என்ஜின் கொடுக்க வேண்டிய திறனோ இரண்டே முக்கால் மடங்கு. 16 ஹெச்.பி. வண்டியிடமும் 20 ஹெச்.பி. வண்டியிடமும் இதைக் கேட்பது நியாயம் இல்லை.

தார்ப்பாய் தளர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் எதிர்ப்பு இன்னும் கூடும். பொரிக் கடலை, அப்பளம், பிளாஸ்டிக் சாமான் போன்ற கனம் குறைந்த சரக்கைக் கேபினுக்கு மேலே உயர்த்தி அடுக்கினால், எடை குறைவாக இருந்தும் மைலேஜ் விழுவது இதனால்தான். உயரத்தைக் குறைத்து, முன்பக்கம் சரிவாக வரும்படி அடுக்கி, தார்ப்பாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்களுக்கு நான் சொல்வது நன்றாகப் புரியும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும். முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நிறுத்தியிருப்பது சும்மா இல்லை. 30 கிலோமீட்டர் எதிர்காற்றில் 50-இல் போனால், வண்டிக்கு அது 80-இல் போகிற மாதிரி. எதிர்ப்பு இரண்டரை மடங்கு. அங்கே 50-ஐ விடாமல் பிடிக்க வேண்டும் என்று ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தாமல், 40-க்கு இறங்கிவிடுவதே புத்திசாலித்தனம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். காலி அட்டைப்பெட்டி ஏற்றி வரும் வேன் எம்மாத்திரம்? பக்கவாட்டுக் காற்றில் காலி வண்டி ஒதுங்குவதால், திரும்பி வரும்போதும் நிதானம் தேவை.

மேடும் இறக்கமும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு, அல்லது உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத் தேனிக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் நம்மில் உண்டு. மேட்டில் கியரை இறக்குவது வேகம் செத்த பிறகு அல்ல. சாவதற்கு முன்பே இறக்க வேண்டும். இழுவையின் உச்சச் சுற்றுக்குக் கீழே என்ஜின் போய்விட்டால் திரும்ப எழுவது கஷ்டம். பிறகு முதல் கியர்தான். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே போகப்போகக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத வண்டிகள் இழுவை குறைந்து புகை கக்கும். அது வண்டியின் கோளாறு அல்ல. இன்னொரு கியர் இறக்கினால் சரியாகும்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டுவது டீசல் மிச்சம் என்று ஒரு நம்பிக்கை நம் ஓட்டுநர்களிடம் வேரோடியிருக்கிறது. இது இரண்டு வகையில் தவறு. கியரில் இருந்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுற்றிக்கொள்ளும். அப்போது டீசல் பம்ப் டீசலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ, என்ஜின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். ஆக, மிச்சம் என்று நினைப்பதே செலவு.

இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. நியூட்ரலில் என்ஜின் பிடிமானம் இல்லாததால் முழுப் பாரமும் பிரேக் மீது விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். சாவியையே அணைத்துவிட்டால் இன்னும் ஆபத்து. டீசல் வண்டியில் பிரேக் மிதிக்கு உதவும் வெற்றிடத்தை என்ஜினோடு ஓடும் பம்ப்தான் உண்டாக்குகிறது. என்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு மிதி கல்லாகிவிடும். எந்தக் கியரில் மேட்டில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது முற்றிலும் சரி. அதே சமயம், வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இரண்டாவது கியரைத் திணிக்கக்கூடாது. ஏறும்போது சுற்று எல்லை மீறாமல் பம்ப் தடுத்துவிடும். இறங்கும்போது சக்கரம் என்ஜினைச் சுற்றுவதால் யாராலும் தடுக்க முடியாது. வால்வு, பிஸ்டன் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, பிறகு கியரை இறக்க வேண்டும்.

புதிய வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 தரத்தில் உள்ள வண்டிகள்தான் விற்பனைக்கு வருகின்றன. இவற்றில் சில டீசல் வண்டிகளுக்குப் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. கரி சேர்ந்ததும் வண்டி தானே அதைச் சூடாக்கி எரித்துக்கொள்ளும். அதற்கு என்ஜின் நன்றாகச் சூடேறி, தடையில்லாமல் சிறிது நேரம் ஓட வேண்டும். காலை முதல் மாலை வரை கடை கடையாக நின்று நின்று போகும் வண்டிக்கு இந்த வாய்ப்பு வருவதில்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். பார்க்காமல் ஓட்டினால் செலவு பெரிதாகும். அப்படிப்பட்ட வண்டியை வாரத்தில் ஓரிரு முறையாவது மெயின் ரோட்டில் இருபது நிமிடம், நடுச் சுற்றில், சீராக ஓட்டிவர வேண்டும். விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள்.

டர்போ உள்ள வண்டிகளில், மலையேறி வந்தவுடனோ நெடுந்தூரம் இழுத்து வந்தவுடனோ சாவியை அணைக்காமல், ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைப்பது டர்போவுக்கு ஆயுள். ஆனால் அரை மணி நேரம் சரக்கு இறக்கும்வரை என்ஜினை ஓடவிடுவது வீண்.

17 நிமிடத்தின் விலை

இப்போது நம் பாஷையில் கணக்குப் பார்ப்போம். விருதுநகரிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 50-இல் சீராகப் போனால் ஒரு மணி நேரம். 70-இல் போனால் 43 நிமிடம். மிச்சம் 17 நிமிடம். ஆனால் வழியில் கப்பலூர் சுங்கச்சாவடியும், மதுரை நகரத்து நெரிசலும் எல்லோருக்கும் பொது. கீழமாசி வீதிக்குள் வண்டி நுழையக் காத்திருக்கும் நேரத்தில் அந்த 17 நிமிடம் போன இடம் தெரியாது.

செலவு என்ன? ஒரு வண்டி மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 18, விரட்டினால் 15 என்று கொள்வோம். முதலாவதற்கு 139 லிட்டர், இரண்டாவதற்கு 167 லிட்டர். வித்தியாசம் 28 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் மாதம் 2,520 ரூபாய். நூற்றுக்கு இரண்டரை ரூபாய் லாபத்தில் விற்கும் சரக்கில் இந்தப் பணத்தைச் சம்பாதிக்க, ஒரு லட்சம் ரூபாய்க்குமேல் வியாபாரம் செய்ய வேண்டும். டயர், பிரேக், கிளட்ச் தேய்மானம் இதில் சேரவில்லை.

எண்கள் உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கும். நீங்களே பார்த்துவிடலாம். டேங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பங்கில் மறுபடி நிரப்பி, போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுங்கள். மூன்று முறை நிரப்பிச் சராசரி எடுத்தால் சரியான மைலேஜ். ஒரு மாதம் 50-இல், ஒரு மாதம் 60-இல் ஓட்டிப் பார்த்தால், யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை. உங்கள் நோட்டே சொல்லும். மைலேஜ் திடீரென்று விழுந்தால் வேகத்தைத் தவிர டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொள்ளுதல், நாசில் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவிக்கையில், சரக்கு வாகனங்களுக்கு நான்கு வழிச் சாலையில் அதிகபட்ச வேகம் 80 கிலோமீட்டர் என்று நிர்ணயிக்கப்பட்டது. மற்றச் சாலைகளிலும் நகர எல்லைக்குள்ளும் 60. இடத்துக்கேற்ப இதைவிடக் குறைவான வேகத்தை உள்ளூரில் நிர்ணயித்திருக்கலாம். இது அதற்குமேல் போகக்கூடாது என்ற எல்லை. அவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்ற உத்தரவு அல்ல. அதிக பாரத்துக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 50-இல் போகும் வண்டி, நல்ல பிரேக் இருந்து, காய்ந்த ரோட்டில், ஓட்டுநர் ஒரு விநாடியில் சுதாரித்தால் சுமார் 34 மீட்டரில் நிற்கும். 70-இல் அதே வண்டி நிற்கச் சுமார் 58 மீட்டர் வேண்டும். வித்தியாசம் 24 மீட்டர். ரோட்டைக் கடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் நம் வண்டிக்கும் நடுவே இருப்பது பல நேரங்களில் அந்த 24 மீட்டர்தான். அனுமதித்த பாரத்துக்குமேல் மூட்டை ஏற்றியிருந்தால் அதுவும் போதாது.

முதலாளி கையில் இருப்பது

வேகத்துக்கு ஓட்டுநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வண்டியை விரட்டுவது பெரும்பாலும் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கைதான். பத்து மணிக்கு அனுப்ப வேண்டிய வண்டியைப் பில் போடுவதிலும் லோடு ஏற்றுவதிலும் தாமதித்துப் பதினொன்றரைக்கு அனுப்பிவிட்டு, ‘ஒரு மணிக்குள் போய்ச் சேர்’ என்கிறோம். பாதி வழியில் மூன்று தடவை போன் போட்டு, ‘எங்கேப்பா வர்றே?’ என்று கேட்கிறோம். அவன் ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டீயரிங்குமாக வேகத்தைக் கூட்டுகிறான். டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அவன் டிரிப்பைத்தான் எண்ணுவான். டீசலை எண்ண மாட்டான்.

ஆகையால் சில யோசனைகள்:

1. முதல் நாள் இரவே பில் போட்டு, சரக்கை இறக்கும் கடை வரிசைப்படி எடுத்து வையுங்கள். வண்டி அரை மணி முன்னால் கிளம்பினால், 70-இல் போக வேண்டிய அவசியமே வராது.

2. கூலியை நாள் கணக்கில் கொடுத்து, மாத மைலேஜ் நன்றாக வந்தால் மிச்சமான டீசல் பணத்தில் ஒரு பங்கை ஓட்டுநருக்கே கொடுங்கள். நமக்கும் லாபம், அவருக்கும் லாபம்.

3. வண்டி ஓடும்போது போன் செய்வதில்லை என்று கடையில் எல்லோரும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால், வண்டியை நிறுத்திவிட்டு அவர் கூப்பிடட்டும்.

4. வேக அட்டவணையும், வண்டியின் அனுமதித்த பாரமும் எழுதிய அட்டையைக் கேபினில் ஒட்டுங்கள். ‘இன்னும் ரெண்டு மூட்டைதானே’ என்று கேட்கிறவருக்கு ஓட்டுநர் காட்டுவதற்கு அது உதவும்.

5. வாரம் ஒருமுறை, டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில், லோடுக்கு ஏற்ற காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுக் குறைந்த டயரில் வேகமும் பாரமும் சேர்ந்தால் சூடேறி வெடிக்கும்.

6. காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடாதீர்கள். ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர, முதல் ஓரிரு கிலோமீட்டர் நிதானமாகப் போகட்டும்.

நம் வியாபாரம் ஒரே நாளில் கொட்டிக் கொடுக்கும் வியாபாரம் அல்ல. காசு காசாகச் சேர்ப்பது. வண்டியும் அதே வழியில் போனால்தான் நம் வீட்டுக்கு லாபம் வந்து சேரும். சரக்கு பத்து நிமிடம் பிந்தி வந்தால் வாடிக்கையாளர் ஒரு வார்த்தை சொல்வார், மறந்துவிடுவார். ஓட்டுநர் மாலையில் வீடு திரும்பவில்லை என்றால், அவர் வீட்டு வாசலில் போய் நிற்க நம்மிடம் வார்த்தை இருக்காது. நாளைக் காலை உங்கள் வண்டி கிளம்பும்போது அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: ‘தம்பி, நிதானமாப் போயிட்டு வா.’